நீலகிரி மலையில் முதியவருக்குத் தொடை எலும்பு முறிந்தால்: மயக்க மருந்துக்கு முன்னும் பின்னும்

“இந்த வயசுல மயக்க மருந்து தாங்குமா டாக்டர்?” எக்ஸ்ரேயில் முறிவைக் காட்டியதும் உறவினர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி இது. அதைவிட முக்கியமான கேள்வியை யாரும் கேட்பதில்லை: “எத்தனை மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடக்கும்?”

இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பு முறிந்த முதியவர் படுக்கையிலேயே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டுகிறது, முதுகில் புண் வருகிறது, காலில் ரத்தம் உறைகிறது, புத்தி தடுமாறுகிறது. இவை ஒவ்வொன்றும் மயக்க மருந்தைவிட ஆபத்தானவை. பிரிட்டனில் 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிய வேண்டும் என்பது இலக்கு. நம் ஊரில் 48 மணி நேரத்தைப் பிடித்தாலே நல்லது. ஆகவே ஆளைத் தேற்றிக்கொண்டு அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு வாரம் தள்ளுவது தேற்றுவதே அல்ல. இருதயத்திலோ நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ உடனே சரிசெய்யக்கூடிய கோளாறு இருந்தால் மட்டுமே காத்திருப்பதில் பொருள் உண்டு.

அபாயத்தையும் மறைக்க வேண்டாம். பிரிட்டனின் தேசியப் பதிவேட்டில் இந்த முறிவு வந்தவர்களில் நூற்றுக்கு 6 பேர் அளவில் 30 நாளுக்குள் இறக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களும் படுக்கையின் விளைவுகளும்தான் இதில் பெரும்பங்கு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும்போது இதைச் சொல்லாத டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

விழுந்த முதல் சில மணி நேரம்

குளியலறையிலோ தேயிலைத் தோட்டத்துப் படியிலோ விழுந்தவரின் கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு எலும்பு ஒன்றில் ஒன்று செருகி நிற்கும். அவர்கள் நொண்டிக்கொண்டே நடப்பார்கள், இரண்டு நாள் கழித்து ஒரேயடியாக விழுவார்கள். தொடை மடிப்பில் வலி இருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் விட வேண்டாம்.

எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். நாட்டுக்கட்டு கை மணிக்கட்டுக்கு எப்படியோ, தொடை எலும்பின் கழுத்துக்கு உதவாது. அந்த இடத்தை வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் பிடித்து நிறுத்த முடியாது. பக்கத்துக் கிளினிக்கில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொள்வதையும் தவிருங்கள். தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் முதியவரின் சிறுநீரகத்தை அது அடிக்கும், அதனாலேயே ஆபரேஷன் தள்ளிப்போகும். பாராசிட்டமால் போதும்: 50 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்குக் குறைந்த எடை என்றால் கிலோவுக்கு 15 மி.கி. 40 கிலோ பாட்டிக்கு 600 மி.கி. வருகிறது, அதாவது 500 மாத்திரை ஒன்றும் கொஞ்சமும். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டார் செய்யும் இன்னொரு தவறு, “ஆபரேஷன் இருக்கும்” என்று விழுந்த நிமிடத்திலிருந்தே பட்டினி போடுவது. ஆபரேஷன் பெரும்பாலும் மறுநாள்தான். அதுவரை தண்ணீர்கூட இல்லாமல் கிடந்தவருக்கு, இடுப்புக்குக் கீழே மரக்கச்செய்ய முதுகில் ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். மருத்துவமனை நேரம் சொல்லும்வரை குடிக்கக் கொடுங்கள். கம்பளி போர்த்துங்கள்.

மேலேயா, கீழேயா

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, குன்னூர் கோத்தகிரிப் பக்கத்து மருத்துவமனையா, மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூரா? கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குச் சுல்தான் பத்தேரியும் பெரிந்தல்மண்ணாவும் கணக்கில் வரும். பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் நான்கு கேள்வி கேளுங்கள்: தியேட்டரில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பைக் காட்டும்) எக்ஸ்ரே உண்டா? மயக்க மருந்து டாக்டர் நாளை இருப்பாரா? இந்த வகை ரத்தம் 2 யூனிட் கிடைக்குமா? ஆபரேஷனுக்குப் பிறகு இரவு முழுக்கக் கண்காணிக்கும் படுக்கை உண்டா? நான்குக்கும் “ஆம்” என்றால் மலையிலேயே செய்துகொள்வது நல்லது. மூன்று மணி நேர வளைவுப் பாதையும், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை எப்போது விழும் என்று தெரியாத மண்சரிவும் மிச்சம்.

இறங்கியே ஆக வேண்டும் என்றால், கிளம்பும் முன்பே நரம்பு பிளாக் (காலின் வலி நரம்புகளை மரக்கச்செய்யும் ஊசி, கீழே விரிவாக வருகிறது) போடச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உடைந்த எலும்பு அசையும், வலியில் நாடித்துடிப்பு ஏறும். காலின் இரு பக்கமும் போர்வையைச் சுருட்டி அணை கொடுத்து, இரு கால்களையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டிக் கூட்டிப்போகலாம். காலில் எடை கட்டித் தொங்கவிடுவதை இன்னும் பல வார்டுகளில் பார்க்கலாம். ஆபரேஷனுக்கு முன் அதனால் வலி குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. முதியவரின் மெல்லிய தோலை அது உரிப்பதுதான் மிச்சம்.

விரலில் மாட்டும் கருவி 93 காட்டினால்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு, அதே அளவுக்கு மூச்சில் ஏறும் ஆக்சிஜனும் குறைவு. ஆகவே நல்ல உடம்புக்காரருக்கே, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்லும் இந்தக் கருவி 93 முதல் 96 வரை காட்டலாம். கோவையில் 98 காட்டும் கண்ணோடு பார்த்துப் பதறக் கூடாது. அதே சமயம் 88, 89 என்பதை “மலையில் இப்படித்தான்” என்று தள்ளிவிடவும் கூடாது. விறகடுப்புப் புகையில் 40 வருஷம் சமைத்த அம்மாவுக்கு நுரையீரல் ஏற்கெனவே பழுதாகியிருக்கலாம். வீட்டில் நலமாக இருந்தபோது எவ்வளவு காட்டியது என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். விரல் சில்லிட்டிருந்தால் கருவி பொய் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

மயக்க மருந்து டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவை

சாப்பிடும் மாத்திரைகளை வாயால் சொல்ல வேண்டாம், அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. இவற்றில் சில, எந்த வகை மயக்கம் என்பதையே மாற்றிவிடும்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்துகளில், ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டால் முதுகு ஊசிக்குத் தடையில்லை. குளோபிடோக்ரெல் என்றால் கதை வேறு. முதுகெலும்புக்குள் ரத்தம் கசிந்து நரம்பை அழுத்தும் அபாயம் இருப்பதால் வழக்கமாக 5 முதல் 7 நாள் நிறுத்திய பிறகே முதுகில் ஊசி போடுவார்கள். அதற்காக எலும்பு முறிந்தவரை ஒரு வாரம் படுக்கப் போடுவது அதைவிட மோசம். பெரும்பாலும் முழு மயக்கத்தோடு நரம்பு பிளாக்கும் கொடுத்து உடனே செய்துவிடலாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை எண்) 1.5-க்குக் கீழே வர வேண்டும். வைட்டமின் கே ஊசி போட்டு இறக்கலாம், தானாக இறங்கட்டும் என்று நாள்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. அபிக்ஸாபான், ரிவரோக்ஸாபான் போன்றவற்றுக்குக் கடைசி மாத்திரை எப்போது என்ற நேரமும், சிறுநீரகம் எப்படி என்ற கிரியேட்டினின் அளவும் வேண்டும். உறைவு தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசி சிறிய அளவில் போட்டிருந்தால் 12 மணி நேரம், சிகிச்சை அளவில் போட்டிருந்தால் 24 மணி நேரம் கழித்தே முதுகு ஊசி.

பிரஷர் மாத்திரைகளில் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் வகையை ஆபரேஷன் அன்று காலை நிறுத்துவது வழக்கம். மயக்கத்தில் அழுத்தம் தாறுமாறாக விழும் என்பது காரணம். மெட்டோபுரோலால், அட்டெனோலால் வகையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பட்டினி என்றாலும் ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுப்பார்கள். பார்க்கின்சன் மாத்திரையும் அப்படியே. ஒரு வேளை தவறினாலும் உடம்பு விறைத்து, விழுங்க முடியாமல் போகலாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுத்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். பட்டினியில் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். குளுக்கோமீட்டர் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

வழக்கமான ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுங்கள். மயக்கத்தின்போது மேல் எண் வழக்கத்திலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் இறங்காமல் பார்ப்பார்கள். 160-ல் வாழ்ந்தவருக்கு 110 என்பது குறைவு, 120-ல் வாழ்ந்தவருக்கு அது சரி. எண் தெரியாவிட்டால் டாக்டர் ஊகிக்க வேண்டியதுதான்.

பணியர், குறும்பர், இருளர் குடும்பத்தினர் என்றால் சிக்கிள் செல் பரிசோதனை அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் இந்த ரத்தக் குறை முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். நோய் இருப்பவருக்குக் குளிரும் நீரிழப்பும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். மலைக் குளிரில் இந்த மூன்றும் எளிதாகச் சேர்ந்துவிடும்.

எக்கோ (இருதய ஸ்கேன்) எடுக்காமல் தொடமாட்டோம் என்று நான்கு நாள் காக்க வைக்கும் இடங்களும் உண்டு. இருதயத்தில் புதிதாக முணுமுணுப்புச் சத்தம் கேட்டாலோ மூச்சு வாங்கினாலோ எக்கோ தேவை. அதையும் அன்றைக்கே படுக்கைப் பக்கத்தில் பார்த்துவிடலாம்.

டீ கணக்கு

ஆபரேஷனுக்கு முன் பட்டினிக் கணக்கு இது: திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம். குழப்பம் முழுக்க டீயில்தான். பால் சேர்த்த டீ திட உணவுக் கணக்கில் வரும், 6 மணி நேரம். பால் இல்லாத கட்டன் டீ தண்ணீர்க் கணக்கு, 2 மணி நேரம். சர்க்கரை போடலாம். காலை 9 மணிக்கு ஆபரேஷன் என்றால் 7 மணிக்கு ஒரு சின்ன டம்ளர் கட்டன் டீ குடித்துவிட்டுப் போகலாம். ராத்திரி 10 மணிக்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், தண்ணீருக்கும் அதுதானா என்று கேளுங்கள். ராகிக் கஞ்சி, மோர், பழக்கூழ் எதுவும் தெளிந்த திரவம் அல்ல. கொடுத்ததை மறைக்க வேண்டாம். “ஒரு வாய்தான் குடுத்தேன்” என்பது தியேட்டர் வாசலில் தெரிந்தால் நேரத்தை மாற்றலாம், வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குப் போன பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நரம்பு பிளாக்: கேட்டு வாங்க வேண்டியது

எலும்பு முறிந்தவருக்கு மயக்க மருந்து டாக்டர் செய்யும் பேருதவி தியேட்டருக்கு வெளியே, வார்டிலேயே தொடங்கலாம். தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே, தசைமேல் இருக்கும் திரைக்கு அடியில், ஸ்கேன் பார்த்தபடி மரக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் மொட்டை ஊசியால் இரண்டு திரைகளைத் தாண்டும் “டப்”, “டப்” உணர்வை வைத்துச் செய்யலாம். மருந்து பரவ வேண்டும் என்பதால் அளவு நிறைய வேண்டும், 30 மி.லி. சுற்றி. 20 முதல் 30 நிமிடத்தில் பிடிக்கும், அரை நாள் அளவுக்கு வலி தணியும்.

இங்கே கணக்குத் தவறக் கூடாது. புப்பிவக்கெய்ன் கிலோவுக்கு 2 மி.கி. தாண்டக் கூடாது. 40 கிலோ பாட்டிக்கு 80 மி.கி. 0.25 சதவீத மருந்தில் மி.லி.க்கு 2.5 மி.கி., ஆகவே 32 மி.லி. வரை போகலாம். அதே 30 மி.லி.யை 0.5 சதவீதப் புட்டியிலிருந்து எடுத்துவிட்டால் 150 மி.கி. ஆகிவிடும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எடையைக் கண்ணளவில் சொல்லாமல் தெரிந்த எண்ணைச் சொல்லுங்கள் என்பது இதற்காகத்தான். உதடு மரத்தல், நாக்கில் இரும்புச் சுவை, காதில் ரீங்காரம், உளறல் என்று தொடங்கினால் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். இதற்கு முறிமருந்து 20 சதவீத லிப்பிட் (நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கரைசல்), கிலோவுக்கு 1.5 மி.லி., 40 கிலோவுக்கு 60 மி.லி. பிளாக் போடும் இடத்தில் அந்தப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பிளாக் பிடித்திருந்தால் முதுகு ஊசிக்காக உட்காரவைப்பதும் ஒருக்களிக்க வைப்பதும் அலறல் இல்லாமல் நடக்கும். இல்லாவிட்டால் வலிக்கு மார்ஃபினோ டிரமடாலோ கூடுதலாகப் போகும், இரவில் புத்தி தடுமாறும்.

முதுகிலா, முழு மயக்கமா

இரண்டில் ஒன்று உயிரைக் காக்கும், மற்றது போக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். 2021-ல் வெளிவந்த ரீகெய்ன் ஆய்வு அமெரிக்கா, கனடாவில் இடுப்பு முறிவுள்ள 1,600 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. 60 நாள் கழித்து இறந்தவர்கள் அல்லது தனியே நடக்க முடியாதவர்கள் இரண்டு பக்கமும் 18 சதவீதம் சொச்சம்தான். கைதேர்ந்தவர் எதைக் கவனமாகச் செய்கிறாரோ அதுவே நல்லது. நாற்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு மலையில் முதுகு ஊசியை விரும்புவதற்குக் காரணம் உண்டு: தானே மூச்சு விடுவார், இருமிச் சளியைத் துப்புவார்.

முதுகு ஊசி நடக்கும் விதம் இது. மானிட்டர் மாட்டி, சலைன் ஓடும். முதுகை மருந்தால் துடைப்பார்கள், அது ஐஸ் போலச் சில்லிடும், முன்பே சொல்லிவையுங்கள். தோலை மரக்கச்செய்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரே, மூன்றாம் நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே 25 கேஜ் மெல்லிய ஊசி போகும். வயதானவர்களுக்கு அந்த இடைவெளி சுண்ணாம்பேறிக் குறுகியிருக்கும், ஆகவே இரண்டு மூன்று முறை குத்துவதும் பக்கவாட்டில் நுழைவதும் சாதாரணம். தெளிந்த நீர் சொட்டியதும் 0.5 சதவீத ஹெவி புப்பிவக்கெய்ன் 1.5 முதல் 2 மி.லி. போதும். இளைஞருக்குக் கொடுக்கும் 3 மி.லி.யைக் கொடுத்தால் மரப்பு மார்புவரை ஏறி அழுத்தம் சரியும். முதலில் பாதம் சூடாகும், பிறகு கனக்கும், 10 நிமிடத்தில் கால் தன்னுடையது இல்லை என்று தோன்றும். 2 முதல் 3 மணி நேரம் நிற்கும். பிளேட் வைப்பதற்கும் ராடு போடுவதற்கும் உடைந்த எலும்புத் தலைக்குப் பதில் செயற்கைப் பந்து வைப்பதற்கும் அது போதும்.

அழுத்தம் இறங்கினால் சலைனைக் கொட்டிக் கொடுப்பது மட்டும் தீர்வல்ல. பலவீனமான இருதயம் அந்த நீரை நுரையீரலில் தேக்கும். ஃபினைல்எஃப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம் போன்ற சிறு அளவுகளில் ரத்தக் குழாயை இறுக்கும் மருந்தைக் கொடுப்பார்கள். விழித்திருப்பவருக்குச் சுத்தியல், டிரில் சத்தம் கேட்கும். பயந்தவருக்குக் கொஞ்சம் தூக்க மருந்து தரலாம், மிடாசோலாம் மட்டும் இந்த வயதில் கூடியவரை வேண்டாம்.

முழு மயக்கம் என்றால் புரோபோஃபால் அளவு இளையவர்களுக்குத் தருவதில் ஏறக்குறைய பாதி, அதையும் மெதுவாக. முதியவரின் ரத்தம் மூளைக்குப் போய்ச் சேர நேரமாகும். தூங்கவில்லையே என்று அவசரப்பட்டு இன்னொரு அளவு கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். பல்செட்டைக் கழற்றுங்கள், ஆடும் பல்லைக் காட்டுங்கள்.

“முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலிதான்” என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊசி போட்ட இடம் இரண்டு மூன்று நாள் வலிக்கும், அவ்வளவுதான். 24 மணி நேரம் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தால் தலைவலி வராது என்பதும் பழைய பழக்கமே. முதியவர்களுக்கு அந்தத் தலைவலியே அபூர்வம். தட்டையாகக் கிடப்பது நுரையீரலுக்குத்தான் கெடுதல்.

தியேட்டருக்குள் இரண்டு ஆபத்துகள்

முதலாவது குளிர். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் அலமாரியில் இருக்கும் சலைன் பாட்டிலே சில்லென்று இருக்கும். உடம்பு 36 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் உறையத் தாமதமாகும், புண்ணில் கிருமி ஏறும், நடுக்கத்தில் ஆக்சிஜன் தேவை பல மடங்காகும். சலைனைச் சூடாக்கும் கருவியும் சூடான காற்றுப் போர்வையும் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. குல்லாவும் கம்பளிச் சாக்ஸும் நீங்களே கொடுத்தனுப்பலாம், அடிபடாத காலுக்கு மட்டும்.

இரண்டாவது எலும்பு சிமென்ட். செயற்கைப் பந்து வைக்கும்போது தொடை எலும்பின் குழிக்குள் சிமென்டை அழுத்தினால் உள்ளிருக்கும் கொழுப்பும் மஜ்ஜையும் ரத்தத்தில் ஏறி நுரையீரலை அடைக்கலாம். அழுத்தமும் ஆக்சிஜனும் ஒருசேர விழும். எலும்பு டாக்டர் குழியை நன்கு கழுவி, “சிமென்ட் போடறேன்” என்று உரக்கச் சொல்லி, மயக்க மருந்து டாக்டர் ஆக்சிஜனைக் கூட்டி, ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இருவரும் பேசிக்கொள்ளாத தியேட்டரில்தான் இது கைமீறும்.

வார்டுக்கு வந்த பிறகு

கால் மரத்திருக்கும்வரை சுடுதண்ணீர்ப் பை வைக்கவே வைக்காதீர்கள். மலையில் பாசத்தோடு செய்யும் காரியம் இது. சூடு தெரியாமல் தோல் வெந்து, எலும்பு ஆறியும் புண் ஆறாமல் கிடப்பார்கள். அறைக்குள் கரிக்கணப்பும் வேண்டாம், ஆக்சிஜன் ஓடும் இடம்.

குமட்டல் இல்லையென்றால் சில மணி நேரத்தில் குடிக்கவும் சாப்பிடவும் தொடங்கலாம். பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்தால் பெரிய வலி மருந்துகளின் தேவை குறையும். மறுநாள் காலையில் உட்காரவைத்து, வாக்கரோடு நிற்கவைக்க வேண்டும். “பாவம், இன்னிக்குத் தூங்கட்டும்” என்று விட்டால் நுரையீரல் கெடும். சிறுநீர்க் குழாயை மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் மூன்றாம் இரவில் புத்தி தடுமாறலாம். விரல்கள் போர்வையில் கொழுந்து கிள்ளும், இல்லாத ஆளோடு பேசுவார், சலைன் ஊசியைப் பிடுங்குவார். பைத்தியம் இல்லை, மயக்க மருந்து தலைக்கேறியதும் இல்லை. ஆக்சிஜன் குறைவா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, வலியா, சோடியம் இறங்கியதா, காய்ச்சலா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். கைகால்களைக் கட்டினால் கூடும். இதன் இன்னொரு முகம் அமைதியானது: பேசாமல், சாப்பிடாமல், கண்மூடிக் கிடப்பார். நல்லா தூங்குறாங்க என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். 2020-ல் வெளிவந்த ஹிப் அட்டாக் ஆய்வில், விரைந்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் குறைவாக இருந்தது.

கண்ணாடி, காது கருவி, பல்செட் மூன்றையும் தியேட்டரிலிருந்து வந்ததும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வையுங்கள். படுகு மொழியிலோ பணியர் பேச்சிலோ மட்டும் சரளமாகப் பேசும் பாட்டிக்குத் தமிழில் கேள்வி கேட்டால் பதில் தடுமாறுவதைப் புத்தித் தடுமாற்றம் என்று எழுதிவிடக்கூடும். அந்தப் பேச்சு தெரிந்த ஒருவர் இரவில் கூட இருக்கட்டும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, நிறுத்திய மாத்திரைகள் ஒவ்வொன்றுக்கும் மறுபடி தொடங்கும் தேதியை எழுதி வாங்குங்கள். குளோபிடோக்ரெல்லை மறந்தே போய் அடுத்த மாதம் மாரடைப்போடு திரும்புபவர்கள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸாபாரின் 40 மி.கி. தினம் ஒன்று, 28 முதல் 35 நாள் வரை தருவது வழக்கம். சிறுநீரகம் பலவீனமென்றால் அளவைக் குறைப்பார்கள். கிராம சுகாதாரச் செவிலியரோ பழகிய உறவினரோ தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளி, தோலை மடித்துப் பிடித்துச் செங்குத்தாகப் போடலாம், ஒருநாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். சிரிஞ்சுக்குள் தெரியும் சிறு காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டாம், முழு அளவும் உள்ளே போக அது உதவும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஊசிகளை ஃப்ரிட்ஜில் வைக்கத் தேவையில்லை. உறைபனி இரவில் ஜன்னல் திட்டில் விட்டுவைக்காதீர்கள், உறைந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது.